முன்பக்கக் கொக்கி

மூன்றாவது தடவையாகச் சாட்டின் துணி மேசையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தபோது வல்லி அதை உடனே எடுக்கவில்லை. கிடக்கட்டும் சனியன் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். பருத்தித் துணி என்றால் விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடக்கும், அதற்கு ஒரு மரியாதை உண்டு. இது விழுந்த பிறகும் அடங்காமல் மெல்ல மெல்ல மடிப்பு விரிந்து கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தது. அரக்கு நிறம். ஒரு பக்கம் கண் கூசும் பளபளப்பு, மறுபக்கம் சாம்பல் பூத்த மாதிரி மங்கல். எண்பது சென்டிமீட்டர், கடையில் கிடந்த கடைசித் துண்டு, இதற்கு மேல் ஒரு சாண்கூடக் கிடையாதும்மா என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். மணி இரண்டேகால். அத்தையும் நாத்தனார் சங்கரியும் பூவுக்குச் சொல்லிவிட்டுத் தாம்பூலப் பை வாங்கப் பஜாருக்குப் போயிருந்தார்கள், நான்கு மணிக்குள் வந்துவிடுவார்கள். பாப்பா அதற்கு முன்னாலேயே எழுந்துவிடும். தொட்டில் சேலை ஐந்து மாத உடம்பின் கனத்தில் கீழே தொய்ந்து கிடந்தது. அசைவு இல்லை. அசைவு இல்லை என்றதும் ஓடிப்போய்ச் சேலையை விலக்கி மூக்கருகே விரலை வைத்தாள், வெதுவெதுவென்று மூச்சு பட்டது, இன்றைக்கு இது எத்தனையாவது முறை, ஒன்பதா பத்தா. எந்தத் தாயாவது இப்படி மூச்சை எண்ணிக்கொண்டு இருப்பாளா, இல்லை எல்லோரும் இப்படித்தானா, கேட்டால் சிரிப்பார்களா. திரும்பி வந்து துணியைக் கொத்தாக அள்ளி மேசையில் போட்டு நான்கு மூலைக்கும் நான்கு பாரம் வைத்தாள். இஸ்திரிப் பெட்டி, பவுடர் டப்பா, பாப்பாவின் காய்ச்சல் மருந்து, நான்காவதாக அந்த டின். பால் பவுடர் டின். அதற்கு இப்படியாவது ஒரு பிரயோஜனம் வந்ததே.

அந்த டின்னைப் பார்த்ததும் நேற்றைய சாயங்காலம் மறுபடி ஆரம்பித்துவிட்டது, அவள் ஆரம்பிக்கச் சொல்லவில்லை, அதுவாக ஆரம்பித்தது. நாளை மறுநாள் சங்கரிக்கு நிச்சயதார்த்தம். வீட்டுப் பெண்கள் எட்டுப் பேருக்கும் ஒரே அரக்குச் சாட்டினில் ஜாக்கெட், ஒரே மாதிரிப் பின்பக்கம் கொக்கி, முதுகில் குஞ்சம், போட்டோவில் வரிசையாக நின்றால் எடுப்பாக இருக்குமாம். இருக்கட்டும். ஆனால் டெய்லருக்கு அளவு ஜாக்கெட் கொடுத்தது யார்? அத்தை. வல்லியின் பீரோவைத் திறந்து, வல்லியைக் கேட்காமல், கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அளவு. அதற்கு நடுவில் ஒரு பிள்ளை இந்த உடம்புக்குள் இருந்து வெளியே வந்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது போலும். தைத்து வந்ததை நேற்றுப் போட்டுப் பார்த்தால் கை நுழைந்தது, அதோடு சரி, முதுகில் இரண்டு ஓரமும் நான்கு விரல் தள்ளி முறைத்துக்கொண்டு நின்றன. உள்ளே பிடித்து விட்ட துணி இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார்கள், இல்லை, சாட்டின் பத்தவில்லை என்று டெய்லர் ஓரத்தை ஒட்ட வெட்டியிருந்தார். அப்போதுதான் அத்தை அதைச் சொன்னது. கோபமாகக்கூட இல்லை, சாம்பாரில் உப்புக் கொஞ்சம் குறைக்கலாம் என்பதுபோலச் சாதாரணமாக. "இன்னைக்கே பால நிறுத்திரு வல்லி. ரெண்டு நாளைக்கு மல்லிகைப் பூவ வச்சுக் கட்டுனா நெஞ்சு தன்னால வத்திரும். ஜாக்கெட்டும் சேந்துரும். பாப்பாவுக்கு நா டின்னு வாங்கி வச்சிருக்கேன்." ஜாக்கெட்டுக்காக. ஒரு ஜாக்கெட் சேர வேண்டும் என்பதற்காக. வல்லி வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை, அவளுக்கு எப்போதும் வார்த்தை அரை மணி நேரம் கழித்து, குளியலறைக்குள் வைத்துத்தான் வரும், அப்போது வந்து என்ன, வாளியிடம் சொல்லவா?

நீங்கள் மறந்துவிட்டீர்களா அத்தை என்று கேட்டிருக்க வேண்டும். மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள்ளா. அவள் பல் பிடுங்கப் போன இரண்டு மணி நேரம், திரும்பி வருவதற்குள் புட்டியில் பவுடரைக் கரைத்து ஊட்டியாயிற்று, ராத்திரியெல்லாம் தண்ணியாகப் போனது, விடியும்போது பாப்பாவின் உச்சிக்குழி உள்வாங்கி ஒரு கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னக் காலில் நரம்பைத் தேடித் தேடிக் குத்தினார்கள். நான்காவது குத்துக்குப் பாப்பா அழக்கூட இல்லை. அழாமல் அம்மாவைப் பார்த்தது. அந்தப் பார்வை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது, எந்தப் பீரோவில் வைத்துப் பூட்டுவது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று டாக்டரம்மா அத்தையின் முகத்துக்கு நேராகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் அத்தை சொன்னது, "அது பல்லு மொளைக்கப் போற பேதி, இவளுகளுக்கு என்ன தெரியும்." நேற்று ராத்திரி ஓசூருக்குப் போன் போட்டுக் கணவன் ராஜவேலிடம் சொன்னாள். அவன் ஒரு கொட்டாவியை விழுங்கிவிட்டு, "ஒரு நாள்தான வல்லி, அனுசரிச்சுப் போயேன், அம்மா எவ்வளவு டென்ஷன்ல இருக்கா, ஏற்கெனவே ஒரு எடம் தட்டிப் போச்சு" என்றான். தட்டிப் போனது அவளுக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளர் ஒன்றுக்கொன்று ஜோடி சேரவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அத்தைக்கு எல்லாமே ஜோடி சேர வேண்டும், டம்ளர், தட்டு, மருமகள். பாவம்தான். பாவம் என்று நினைத்ததும் இன்னும் கோபம் வந்தது. பாவப்பட்டுப் பாவப்பட்டுத்தானே தன் பிள்ளையின் கால் நரம்பு வரைக்கும் வந்து நிற்கிறது. கோபப்படாதே, கோபத்தோடு பால் கொடுத்தால் பிள்ளைக்குச் சேராது என்பதும் அத்தைதான். ஆக, பால் கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு, கோபப்பட்டால் பால் விஷம், கோபப்படாவிட்டால் பாலே கிடையாது. நல்ல நியாயம்.

கத்தரியை எடுத்தாள். டெய்லரிடம் கேட்டாயிற்று, முகூர்த்த மாதம், தலைகீழாக நின்றாலும் முடியாது என்றுவிட்டார். சரி, நானே தைக்கிறேன், முன்பக்கம் கொக்கி வைத்து, என் இப்போதைய அளவுக்கு, பாப்பா அழுதால் முந்தானைக்குள்ளேயே கொடுக்கிற மாதிரி. சீதனமாக வந்த தையல் மிஷின் இரண்டு வருஷமாக இஸ்திரித் துணி அடுக்கத்தான் ஆகியிருந்தது. கான்வென்டில் ஆறு வருஷம் தையல் வகுப்பு உண்டு. என்ன கற்றுக் கொடுத்தார்கள்? கைக்குட்டை ஓரம் மடிப்பது, ட்ரே துணியில் டெய்சிப் பூ போடுவது, நோட்டில் ஒட்டுவதற்குப் பொம்மை கவுன். பட்டன் ஓட்டை, கொக்கி, கொக்கிக்கு நூல் கண்ணி, எல்லாம் சதுரச் சதுரத் துண்டில், ஒன்றுகூட ஒரு உடம்போடு சம்பந்தப்பட்டதில்லை. சிஸ்டர் பெனிட்டாவுக்கு மார்பு என்ற சொல்லே வாயில் வராது, ஆங்கிலத்திலும் வராது, அளவு எழுதும்போது ஸ்கேலால் காற்றில் ஒரு கோடு போட்டு 'இந்த இடம்' என்பார். முப்பத்தெட்டுப் பெண்கள் குனிந்து எழுதினார்கள், 'இந்த இடம் – பன்னிரண்டு அங்குலம்.' பொம்மைக்கு. இன்றைக்கு இந்த இடம்தான் வீட்டில் எல்லோருக்கும் பேச்சு, இந்த இடம் வற்ற வேண்டும், இந்த இடத்தில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்ட வேண்டும். போனில் அந்த வீடியோப் பெண் வேறு, "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், சாட்டின்ல ஜாக்கெட் தைக்கிறது ரொம்ப ரொம்ப ஈஸி" என்று சிரித்தாள். ஈஸியாம். துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டச் சொன்னாள், மடித்தால் மேல் மடிப்பு கிழக்கே போகிறது, கீழ் மடிப்பு மேற்கே போகிறது. அதனால் வல்லி ஒற்றையாகவே விரித்து, செய்தித்தாளில் வெட்டிய முன்பக்க மாதிரியை மேலே வைத்து, சுற்றிக் குண்டூசி குத்தி, வெட்டினாள். அதே தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து இரண்டாவதையும் வெட்டினாள். கத்தரி போகும்போது துணி முனகவே இல்லை, அது ஒரு பயம், இவ்வளவு சுலபமாக வெட்டுப்படுகிற ஒன்று கைக்குக் கீழே இருப்பது. தொட்டிலுக்கும் கத்தரிக்கும் நடுவே நான்கு எட்டுத்தான். நினைக்காதே. நினைக்காதே என்றால்தான் நினைப்பு வரும். கத்தரியைக் கொண்டுபோய்ப் பீரோவின் தலையில் வைத்தாள், அப்புறம் ஜாக்கெட் கை வெட்டவேண்டுமே என்று ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள், 'ஹெயில் மேரி' என்று உதடு தானாக முணுமுணுத்தது, கோவில்பட்டியில் சைவ வீட்டு மருமகள், பயம் வந்தால் மட்டும் இன்னும் கான்வென்ட் பிள்ளை.

குண்டூசிகளைக் கழற்றி அட்டையில் திரும்பக் குத்தினாள். அட்டையில் இருபத்துநான்கு ஊசிக்கு இடம், ஒன்று காலி. கீழே குனிந்து பார்த்தாள். இல்லை. எண்ணினாள், இருபத்துமூன்று. மறுபடி எண்ணினாள், எண்ணும்போதே தொட்டில் பக்கம் கண் போய் எண்ணிக்கை விட்டுப்போனது, முதலிலிருந்து எண்ணினாள், இருபத்துமூன்று. தரையில் மண்டியிட்டு, விரலை விரித்து, ஒவ்வொரு சதுரக் கல்லாகத் தடவிக்கொண்டு போனாள். கட்டிலுக்கு அடியில், மிஷின் மிதிபலகைக்கு அடியில், தொட்டிலுக்கு நேர் கீழே. பாப்பா இப்போதுதான் குப்புற விழப் பழகியிருக்கிறது, கைக்கு எட்டியதெல்லாம் நேராக வாய்க்கு. தொண்டையில் போனால் தெரியுமா, வெளியே தெரியுமா, குழந்தை இருமுமா, இல்லை அன்றைக்கு மாதிரி அழாமல் பார்த்துக்கொண்டே இருக்குமா. ஒரு ஜாக்கெட்டுக்காகப் பாலை நிறுத்தச் சொன்னவளை இவ்வளவு திட்டினாயே, நீ அதே ஜாக்கெட்டுக்காகப் பிள்ளை இருக்கிற அறையில் ஊசியைச் சிந்தியிருக்கிறாய், உனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம், சொல். தொட்டில் சேலையின் மடிப்பை விரலால் நெருடிப் பார்த்தாள், பாப்பாவின் கழுத்தடி, கக்கத்தடி. குனிந்தபோது எதுவோ சுருக்கென்று அவளைக் குத்தியது. நைட்டியில், இடது மார்புக்கு மேலே, பளிச்சென்று குத்திக்கொண்டு நின்றது குண்டூசி. வீடியோப் பெண் செய்கிற மாதிரி வாயில் கவ்வப் பிடிக்காமல் அவளே குத்தி வைத்தது. பாப்பா வாயை வைக்கிற இடம். ஊசியைப் பிடுங்கி அட்டையில் சொருகி, அட்டையைச் சம்புடத்தில் போட்டு, சம்புடத்தை மூடி, மூடியை அமுக்கி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பயம் இருந்த இடத்தில் திரும்பவும் கோபம்தான் வந்து உட்கார்ந்தது. நல்லவேளை. கோபம் என்றால் கையைக் காலை அசைக்கவாவது முடியும்.

பின்பக்கத்தை வெட்டினாள், கையிரண்டையும் வெட்டினாள், கொக்கிப் பட்டிக்குக்கூட மிச்சம் பிடித்தாள். தோளைச் சேர்த்துத் தைக்க முன்பக்கம் இரண்டையும் எடுத்துப் பின்பக்கத்தின் மேல் வைத்தாள். ஒன்று பொருந்தியது. இன்னொன்று பொருந்தவில்லை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கை வளைவு இருந்தது. தலைகீழாகத் திருப்பினாள். குறுக்கே திருப்பினாள். துணியைப் புரட்டிப் போட்டாள், அப்போது பொருந்தியது, அச்சாகப் பொருந்தியது, ஆனால் மங்கல் பக்கம் வெளியே. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டுமே இடது. தாளைத் திருப்பிப் போடாமல் ஒரே பக்கமாக இரண்டு தடவை வெட்டியிருக்கிறாள். பருத்தியாக இருந்தால் புரட்டிப் போட்டுத் தைத்துவிட்டுப் போகலாம், பருத்திக்கு உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்றுதான், இந்த நாசமாய்ப் போன சாட்டினுக்கு மட்டும்தான் ஊருக்கு ஒரு முகம் வீட்டுக்கு ஒரு முகம். வீடியோவைப் பின்னால் இழுத்து ஓட்டிப் பார்த்தாள். "இப்போ பேப்பரைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் வெட்டணும் ஃப்ரெண்ட்ஸ், இதை மட்டும் மறந்துடாதீங்க." சொல்லியிருக்கிறாள் மகராசி. அந்த நேரம் பாப்பா சிணுங்கியிருக்கும், இவள் தொட்டிலை ஆட்டப் போயிருப்பாள். ஆட்டப் போகாமல் இருக்க முடியுமா? ஒரு கை தொட்டிலிலும் ஒரு கை கத்தரியிலுமாக எவளாவது ஒழுங்காக வெட்டிக் காட்டட்டும். துண்டைச் சுருட்டிச் சுவரில் எறிந்தாள். எறிந்தது சுவரைத் தொடக்கூட இல்லை, நடுவிலேயே விரிந்து, காற்றில் கொஞ்சம் ஆடி, அழகாகத் தரையில் இறங்கியது. எறியக்கூட லாயக்கில்லாத துணி. அழுகை வந்தது, அழுகையோடு ஒரு சிரிப்பும் வந்தது, இரண்டையும் மூக்கை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டு போய் அதை எடுத்தாள். வேறு துணி இல்லை. வேறு நாளும் இல்லை. ஒரு பக்கம் மின்னும், ஒரு பக்கம் மின்னாது, போகட்டும், பாப்பாவுக்கு இரண்டு பக்கமும் திறக்கும். மிஷினில் உட்கார்ந்து மிதித்தாள். தோள் இரண்டும் சேர்ந்தன, கை இரண்டும் ஏறின. கோணல்தான். பக்கவாட்டைத் தைத்தாள், ஊசிக்கடியில் துணி சுருங்கிப் பல்லை இளித்தது, பிரிக்கவில்லை, இளிக்கட்டும். கொக்கிப் பட்டியை மடித்து வைத்துத் தைத்து முடிக்கும்போது வாசல் கேட் கிரீச்சிட்டது. மூன்று மணி நாற்பது. மத்தியானம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"யாத்தே, வெயிலு மண்டையப் பொளக்கு" என்றபடி அத்தை உள்ளே வந்தார். பின்னாலேயே இரண்டு கையிலும் பைகளோடு சங்கரி. வல்லியின் மடியில் கிடந்ததைப் பார்த்ததும் அத்தை செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

"இது என்னளா?"

"ஜாக்கெட்டு அத்தே. முன்பக்கம் கொக்கி வச்சு."

அத்தை அதை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். "ஒரு பக்கம் பளபளங்கு, ஒரு பக்கம் பழந்துணியா இருக்கு. இதப் போட்டுக்கிட்டு மாப்பிள்ள வீட்டுக்காரவுக முன்னால நிக்கப் போறியா? கான்வென்டுல படிச்ச லெச்சணமா இது?"

"எம்மா, பாத்தா புது மாடல் மாதிரித்தான் இருக்கு" என்றாள் சங்கரி.

"நீ சும்மா கெட."

தொட்டிலில் முதலில் ஒரு கால் வெளியே வந்தது, அப்புறம் அழுகை. வல்லி எழுந்திருப்பதற்குள் அத்தை துணியை நாற்காலியில் போட்டுவிட்டு மேசையிலிருந்த டின்னைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார். "இன்னையிலருந்து பழக்குனாத்தான் ஞாயித்துக்கெழம அழாமக் குடிக்கும்" என்ற குரல் வந்தது, டின் மூடி நெம்பும் சத்தம் வந்தது, கரண்டி புட்டிக்குள் கிளுக்கும் சத்தம். பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டதுமே வல்லிக்கு மார்பு கல்லாகி, ஊசி குத்துவதுபோல ஒரு இழுப்பு, நைட்டி இரண்டு இடத்தில் நனைந்தது. யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை அது. கோபத்தையும் கேட்கவில்லை, பயத்தையும் கேட்கவில்லை. அத்தை புட்டியைக் குலுக்கிக்கொண்டே வந்து கையை நீட்டினார், "கொண்டா பிள்ளைய." பாப்பா புட்டியின் ரப்பரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி அம்மாவின் கழுத்தில் மூக்கைத் தேய்த்து வீறிட்டது.

"ஒரு நாளு அழுதா மறுநாளு குடிச்சிரும். கொண்டான்னா."

வல்லி புட்டியை வாங்கினாள். அத்தைக்கே ஆச்சரியம், இவ்வளவு சுலபமாக வாங்கிவிட்டாளே என்று முகம் கொஞ்சம் இளகியது. வல்லி பாப்பாவைச் சங்கரி கையில் கொடுத்தாள். ரப்பரை முறுக்கிக் கழற்றி மேசையில் வைத்தாள். புட்டியை வாயில் வைத்துத் தலையை அண்ணாந்து, மடக் மடக்கென்று, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். இளஞ்சூடு. திகட்டுகிற இனிப்பு, அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு பிசுபிசுப்பு. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு காலிப் புட்டியை அத்தையின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"எனக்குப் பசிச்சுது அத்தே. மத்தியானம் சாப்புடல. பாப்பாவுக்கு நா குடுத்துக்கிடுதேன். இனி எத்தன கரைச்சுக் கொண்டாந்தாலும் நாந்தான் குடிப்பேன்."

குரல் நடுங்கியது. ஆனால் வார்த்தை வந்துவிட்டது, குளியலறை வரைக்கும் காத்திருக்காமல், அந்த நேரத்துக்கே வந்துவிட்டது.

"ஏளா, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார் அத்தை. புட்டியைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தார்.

சங்கரிதான் முதலில் சிரித்தாள். பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரித்தாள். "எம்மா, டின்னு தீர்றதுக்குள்ள மதினிதான் கொழுகொழுன்னு ஆயிருவாக போல."

"சிரிங்கட்டி. நல்லாச் சிரிங்க. மண்டபத்துல ஊரு சிரிக்கும்போது தெரியும்." அத்தையின் குரலில் திட்டைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. வல்லிக்கு அது கேட்டது. கேட்டதற்காக அவள் இறங்கி வரவில்லை. பாப்பாவை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அது வாயை வைத்த வேகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள், வலித்தது, வலி நெஞ்சிலிருந்து முதுகு வரைக்கும் ஓடியது, அப்புறம் விழுங்குகிற சத்தம், ளக், ளக், ளக். உச்சிக்குழியைப் பார்த்தாள். உள்வாங்காமல், மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

சங்கரி ஜாக்கெட்டை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். மின்னுகிற பக்கத்தையும் மின்னாத பக்கத்தையும் தடவினாள்.

"மதினி, மேடையில நீங்கதான எம் பக்கத்துல நிப்பீங்க?"

"நிக்கேன். இது அழுதா உக்காந்துருவேன்."

"மேடையிலயா?"

"மேடையிலதான். மண்டபத்துக்காரங்ககிட்ட இப்பவே சொல்லி வையி, பால் குடுக்கத் தோதா நாற்காலி ஒண்ணு வேணும். கைப்பிடி இல்லாததா."